டப்பாவில் மணக்கிற டீ கோப்பையில் ஏன் மணப்பதில்லை?

கேள்வி இதுதான்: எர்ல் கிரே (எலுமிச்சை மாதிரி மணம்), மல்லிகை, வெனிலா, மாம்பழம், மசாலா என ஐந்து வகை மணமூட்டிய தேயிலை வாங்கியாயிற்று. பை டீ இல்லை, உதிரி இலை. டப்பாவைத் திறந்தால் ஐந்துமே ஆளைத் தூக்குகின்றன. போட்டுக் குடித்தால் ஒன்று சோப்புத் தண்ணீர் மாதிரி இருக்கிறது, இரண்டில் ஒன்றுமே தெரியவில்லை. இவற்றை ஒழுங்காக ஒப்பிடுவது எப்படி, எதை மறுபடி வாங்கலாம்?

முதலில் டப்பாவை மூடி வையுங்கள். அதைத் திறந்து முகர்ந்து மார்க் போடுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. மணமூட்டிய டீயில் பெரும்பாலானவை இப்படித்தான் தயாராகின்றன: காய்ந்த தேயிலையை உருளையில் போட்டுச் சுற்றவிட்டு, மேலே திரவ வாசனையைத் தெளிப்பார்கள். பிறகு கண்ணுக்கு அழகாக இதழ்களும் பழத்துண்டுகளும் கலப்பார்கள். தெளித்த வாசனையில் சீக்கிரம் ஆவியாகிற பகுதிதான் மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிறது. கொதிநீர் பட்டதும் முதலில் ஓடிப்போவதும் அதே பகுதிதான். டப்பாவில் ஆர்ப்பாட்டம் செய்வது கோப்பையில் இல்லாமல் போக இது பாதிக் காரணம். அடியில் இருக்கிற தேயிலையே சப்பென்று இருப்பது மீதிப் பாதி. வாசனை தெளிப்பதற்கென்றே மட்டமான இலையை ஒதுக்கி வைக்கிற வழக்கம் இந்தத் தொழிலில் புதிதில்லை.

ஆகவே ஒப்பிட வேண்டியவை இரண்டு, அடித்தேயிலையும் வாசனையும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

தேயிலைத் தொழிலில் சுவை பார்க்க ஓர் உலக அளவுகோல் உண்டு: ஐ.எஸ்.ஓ. 3103, 1980இல் வந்தது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, கொதிக்கிற தண்ணீர், மூடி போட்டு 6 நிமிடம், வெள்ளைப் பீங்கான் பாத்திரம். (இதற்கு இணையான பிரிட்டிஷ் தர நிர்ணயம் ஆறு பக்கத்துக்கு டீ போடுவதை விளக்கியது. அதற்காக 1999இல் இக் நோபல் என்ற கேலிப் பரிசும் வாங்கியது.) இது குடிக்கச் சுகமான டீயைத் தராது. ஆறு நிமிடத்தில் துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுக்கும். நமக்கு அதுதான் வேண்டும். மென்மையாகப் போட்ட டீயில் குறை ஒளிந்துகொள்ளும், கடுமையாகப் போட்டால் வெளியே வந்துவிடும்.

வீட்டில் செய்யத் தேவையானவை: 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, ஒரே அளவில் ஐந்தாறு பீங்கான் கோப்பைகள், மூடச் சாஸர்கள், வடிகட்டி, வடித்து ஊற்ற வெள்ளைக் கிண்ணங்கள். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். நிறம் தெரியாது, கையும் சுடும். கோப்பைக்கு 3 கிராம் இலை, 150 மில்லி தண்ணீர். தராசு இல்லாமல் டீஸ்பூனால் அளந்தால் ஒப்பீடே கெட்டுவிடும். ஓ.பி. (ஆரஞ்சு பெக்கோ என்ற முழு இலைத் தரம்) மாதிரி நீள இலை ஸ்பூனில் பொதபொதவென்று நிற்கும், பி.ஓ.பி.எஃப். (உடைந்த இலையின் பொடித் தரம்) மாதிரி பொடி இலை நெருங்கிப் படியும். ஒரே ஸ்பூனில் எடை ஒன்றரை மடங்குகூட வேறுபடலாம். போதாததற்குப் பொடி இலை அதே நேரத்தில் அதிகச் சாறும் இறக்கும். "இந்த டீ ஸ்ட்ராங், அது மைல்டு" என்று பலர் சொல்வது பெரும்பாலும் இந்த அளவுக் கோளாறுதான்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். குளோரின் வாடை அடிக்கிற குழாய்த் தண்ணீரில் மல்லிகை செத்துவிடும். உப்புத் தண்ணீரில், அதாவது கடின நீரில், டிக்காஷன் மங்கி மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி ஒரு ஆடை படியும். அது வாசனை எண்ணெய் இல்லை, சுண்ணாம்புச் சத்தும் தேயிலைச் சாறும் சேர்ந்து உண்டாவது. முழுக்க ஆர்.ஓ. செய்த தண்ணீரில் டீ தட்டையாக இருக்கும். ஓரளவு மென்மையான குடிநீர் ஒன்றை எடுத்துக்கொண்டு எல்லாக் கோப்பைக்கும் அதையே ஊற்றுங்கள். ஒரே கெட்டிலில் ஒரே கொதியில் ஊற்றுவது முக்கியம். கடைசிக் கோப்பைக்குப் போவதற்குள் தண்ணீர் ஆறிவிட்டால் அந்த டீக்கு அநியாயம். ஊட்டியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையில் பார்த்த முடிவோடு அங்கே பார்த்ததை ஒட்டிப் பேசக் கூடாது.

ஐந்து கோப்பைக்கும் பக்கத்தில் ஆறாவதாக வாசனை எதுவும் சேர்க்காத ஒரு நல்ல கறுப்புத் தேயிலையை வையுங்கள். நீலகிரி ஆர்த்தடாக்ஸ் (இலையை உருட்டிச் செய்யும் பழைய முறை) ஓ.பி. அல்லது இலங்கையின் திம்புள்ளைப் பகுதித் தேயிலை, எது கிடைத்தாலும் சரி. இந்த ஆறாவது கோப்பைதான் துலாக்கோல். இது இல்லாமல் மணமூட்டிய டீக்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் வாசனைகளைத்தான் ஒப்பிடுவீர்கள், டீயை இல்லை.

வடித்த பிறகு டிக்காஷனைத் தொடாதீர்கள், முதலில் ஊறிய இலையைப் பாருங்கள். சாஸரில் கவிழ்த்துப் பரப்புங்கள். நல்ல கறுப்புத் தேயிலை ஊறியபின் புது செப்புக்காசு மாதிரிப் பளிச்சென்று, எல்லா இலையும் ஏறக்குறைய ஒரே நிறமாக இருக்கும். மங்கிய கரும்பழுப்பு, நடுநடுவே பச்சைத் திட்டு, குச்சி, நார் என்று கிடந்தால் அடித்தேயிலை சுமார்தான். சூடு ஆறுவதற்குள் அந்த இலையைக் குனிந்து முகருங்கள். வாசனைத் திரவம் மறைத்து வைத்த பழைய வாடை இங்கேதான் எட்டிப் பார்க்கும்: சாக்கு வாடை, நனைந்த அட்டைப்பெட்டி வாடை, கருகல். எர்ல் கிரேயின் கீழே சாக்கு வாடை அடித்தால் அந்த டப்பாவை அத்தோடு விட்டுவிடலாம்.

இனி நாக்கு. டிக்காஷன் 50, 55 டிகிரிக்கு இறங்கட்டும், அதாவது தயங்காமல் வாயில் வைக்கிற சூடு. ஒரு ஸ்பூன் எடுத்துச் சத்தமாக உறிஞ்சுங்கள். வெட்கப்பட வேண்டாம், குன்னூரிலும் கொழும்பிலும் சுவைஞர்கள் இப்படித்தான் உறிஞ்சுகிறார்கள். உறிஞ்சும்போது திரவம் துளித்துளியாகச் சிதறி, அதன் ஆவி தொண்டைக்குப் பின்புறமாக மூக்குக்கு ஏறும். வாசனையின் பெரும்பகுதி அந்த வழியில்தான் தெரிகிறது. உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிடுங்கள்.

அடுத்து செய்ய வேண்டிய ஒன்றை அநேகமாக யாரும் செய்வதில்லை. மூக்கை இரண்டு விரலால் அழுத்தி மூடிக்கொண்டு ஒரு ஸ்பூன் வாயில் ஊற்றிப் பத்து விநாடி வையுங்கள். இப்போது தெரிவதெல்லாம் இனிப்பு, புளிப்பு, கசப்பு, துவர்ப்பு, கனம், அவ்வளவுதான். வெனிலா இல்லை, மாம்பழம் இல்லை. அதுதான் அடித்தேயிலை. விரலை எடுங்கள், ஒரே தாவலில் எது வந்து நிறைகிறதோ அது வாசனை. மூக்கை மூடியபோது ஆறாவது கோப்பைக்கு இணையாக நிற்கிற டீயும், வெந்நீரில் துவர்ப்பைக் கரைத்த மாதிரி இருக்கிற டீயும் ஒரு நிமிடத்தில் பிரிந்துவிடும். வெனிலா டீ "இனிப்பாக இருக்கிறது" என்று சொல்வார்கள். மூக்கை மூடினால் அந்த இனிப்பு காணாமல் போகும். வெனிலாவில் சர்க்கரை கிடையாது. பாயசத்திலும் ஐஸ்கிரீமிலும் சேர்ந்தே பழகிய மூளை இல்லாத இனிப்பைச் சேர்த்துக் காட்டுகிறது.

கசப்பையும் துவர்ப்பையும் தனித்தனியாகக் குறியுங்கள். கசப்பு நாக்கின் சுவை. துவர்ப்பு வாய் முழுக்க இழுக்கிற உணர்வு, நெல்லிக்காயும் வாழைப்பூவும் தருவது. நல்ல டீயின் துவர்ப்பு சுருக்கென்று வந்து சீக்கிரம் விலகி வாயைத் தெளிவாக்கும். மட்டமான டீயின் துவர்ப்பு மாவு மாதிரி ஈறில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அறை வெப்பத்துக்கு ஆறிய பிறகு எல்லாவற்றையும் மறுபடி ஒரு சுற்றுப் பாருங்கள். சூட்டில் மன்னிக்கப்பட்டதெல்லாம் ஆறினால் வெளியே வரும், முக்கியமாகச் செயற்கை வாசனையின் மருந்துக்கடை நெடி.

வரிசையும் முக்கியம். மல்லிகை முதலில், பிறகு எர்ல் கிரே, வெனிலா, மாம்பழம், மசாலா கடைசியில். கிராம்பின் யூஜெனால் நாக்கை மரக்கச் செய்யும், பல்வலிக்குக் கிராம்பு வைப்பது அதனால்தான். மசாலா டீக்குப் பிறகு மல்லிகை குடித்தால் வெந்நீர்தான். நடுவில் வெதுவெதுப்பான தண்ணீரும் உப்பில்லாத பொரி நாலும் போதும். காப்பிக்கொட்டையை முகர்ந்தால் மூக்கு தெளியும் என்பது சென்ட் கடைப் பழக்கம். ஜன்னலோரம் போய் ஒரு நிமிடம் நின்றாலே போதும். பிளாஸ்டிக் வடிகட்டியும் சிலிகான் மூடியும் எர்ல் கிரே வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒப்பீட்டுக்கு எவர்சில்வர் வடிகட்டி மட்டும். அன்று காலை மீன் வறுத்த அடுப்படியில் இந்த வேலையே வேண்டாம்.

இனி அந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எர்ல் கிரேயின் வாசனை பெர்கமட் என்ற பழத்தோல் எண்ணெய். நாரத்தையின் தூரத்து உறவு மாதிரி ஒரு எலுமிச்சை வகை, இத்தாலியின் தென்கோடியான கலாப்ரியாவில்தான் முக்கியமாக விளைகிறது. பெயர்க்காரரான கிரே பிரபு 1830 முதல் 1834 வரை பிரிட்டனின் பிரதமர். சீனத்து அதிகாரி அவருக்கு இந்தக் கலவையைப் பரிசளித்தார் என்ற கதை டப்பாவுக்கு டப்பா அச்சாகிறது, ஆனால் மனிதர் சீனாவுக்குப் போனதே இல்லை. சோப்பு வாடைக்குக் காரணம் எளிது. பெர்கமட் எண்ணெயில் லினலைல் அசிட்டேட், லினலூல் என்ற இரண்டும் நிறைய உண்டு. லாவெண்டர் எண்ணெயிலும் அவை இரண்டும்தான் முக்கியம், சோப்புக் கம்பெனிகளும் அவற்றைத்தான் வாங்குகின்றன. அளவு கொஞ்சம் கூடினாலும் மூளை குளியலறையை நினைத்துக்கொள்ளும். ஆகவே சோப்பு வாடை வந்தால் செயற்கை என்று முடிவு கட்ட வேண்டாம், அளவு மிஞ்சியிருக்கலாம். டர்பெண்டைன் மாதிரி, பெயிண்ட் மாதிரி அடித்தால் அது வேறு கதை. எண்ணெயிலுள்ள லிமோனீன் காற்றுபட்டுக் கெட்டுப்போயிருக்கிறது, அந்த டப்பா பழசு. நல்ல எர்ல் கிரேயில் எலுமிச்சைத் தோலைக் கிள்ளின மாதிரி ஒரு பச்சைக் கீற்று முதலில் வரும், பின்னால் லேசான கசப்பு நிற்கும். வெறும் மிட்டாய் எலுமிச்சையாக நின்றுவிட்டால் அது சுமார்.

மல்லிகை டீயைத் தெளிக்காமலும் செய்ய முடியும். விலையுயர்ந்தது அப்படித்தான் வருகிறது. சீனாவின் ஃபூஜியன் மாநிலத்து ஃபூஜோ நகரம் இதன் பழைய தலைநகர். பயன்படுத்தும் பூ ஜாஸ்மினம் சம்பக், அதாவது நம் மதுரை மல்லியின் அதே இனம். பிற்பகலில் மூடிய மொட்டாகப் பறிப்பார்கள். இரவில் மொட்டு வெடிக்கும்போதுதான் மணம் விடும், மாலையில் தொடுத்து வைத்த சரம் ராத்திரி மணப்பதைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தில் மொட்டையும் காய்ந்த பச்சைத் தேயிலையையும் கலந்து குவிப்பார்கள். குவியல் சூடேறும், கலைத்து ஆற்றி மறுபடி குவிப்பார்கள். காலையில் பூவைச் சலித்து எடுத்துவிட்டு இலையை உலர்த்துவார்கள். மறுநாள் புதுப் பூ. மட்டமானதற்கு ஓரிரு தரம், நல்லதற்கு ஐந்து, ஆறு, ஏழு தரம் இப்படி நடக்கும். மணத்தைக் கொடுத்து முடித்த பூவுக்கு அதன்பின் வேலை இல்லை. ஆகவே டப்பாவில் உலர்ந்த மல்லிகை நிறையக் கிடந்தால் அது தரத்தின் அடையாளம் ஆகாது. பெரும்பாலும் அலங்காரம்தான்.

பூவில் ஊறிய டீயையும் தெளித்த டீயையும் பிரிக்க அதே இலையை மூன்று தரம் ஊறவைக்க வேண்டும். 80 டிகிரி தண்ணீரில் இரண்டு நிமிடம், பிறகு அதே இலையில் இரண்டு, பிறகு மூன்று. தெளித்தது முதல் கோப்பையிலேயே முக்கால்வாசி காலியாகும். பூவில் ஊறியது மூன்றாவதிலும் மெலிதாக நிற்கும். வெப்பமானி இல்லையென்றால் ஐந்து பங்கு கொதிநீரில், காய்ச்சி 30 டிகிரிக்கு ஆறவைத்த தண்ணீர் இரண்டு பங்கு கலந்தால் கிட்டத்தட்ட 80. இந்த டீயின் அடி பச்சைத் தேயிலை என்பதால் ஆறு நிமிடக் கொதிநீர்ச் சோதனையில் கடுமையாகக் கசக்கும். அதற்காக மார்க்கைக் குறைக்கக் கூடாது.

வெனிலா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொழிற்சாலையில் செய்த வெனிலினை (வெனிலா மணம் தரும் பொருள்) மட்டமென்று ஒதுக்க வேண்டியதில்லை. கறுப்புத் தேயிலையில் அது நன்றாகவே உட்காரும். அடித்தேயிலை எப்படி என்று மட்டும் பாருங்கள்.

மாம்பழத்தில்தான் ஏமாற்றம் அதிகம். டப்பாவிலிருந்து துண்டுகளை மட்டும் பொறுக்கி 50 மில்லி கொதிநீரில் நான்கு நிமிடம் ஊறவையுங்கள். லேசான சர்க்கரைத் தண்ணீர் வரும், மாம்பழம் வராது. மணம் முழுக்க இலைமேல் தெளித்தது. இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது, லேபிளில் இயற்கை நறுமணம், இயற்கையை ஒத்த நறுமணம், செயற்கை நறுமணம் என்று எழுதித்தான் இருக்கும். ஆனால் காசு துண்டுகளுக்கும் சேர்த்துத்தான் போகிறது. 20 கிராம் எடுத்து இலையையும் துண்டையும் பிரித்து நிறுத்துப் பாருங்கள். துண்டு 6 கிராம் வந்தால், 100 கிராம் 450 ரூபாய் டப்பாவில் இருப்பது 70 கிராம் தேயிலைதான். அந்தத் தேயிலையின் விலை 100 கிராமுக்கு ஏறக்குறைய 643 ரூபாய். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு பக்கத்திலிருக்கும் நல்ல நீலகிரி ஓ.பி.யின் விலையைப் பார்த்தால் மனசு மாறலாம்.

மசாலாவை மற்ற நான்கோடு ஒரே முறையில் சோதிக்க முடியாது. ஊறவைத்தால் ஏலம் மட்டும் பேசும். பட்டைத் துண்டுக்கும் மிளகுக்கும் நேரம் போதாது. மிளகின் காரமான பைப்பரின் தண்ணீரில் சரியாகக் கரையாது, பாலின் கொழுப்பு வேண்டும். ஆகவே 5 கிராமை 200 மில்லி தண்ணீரில் மூன்று நிமிடம் சிறுதீயில் கொதிக்கவிட்டு, காய்ச்சிய பால் 50 மில்லி சேர்த்துத் தனியாகப் பாருங்கள். அளக்கும் முன் டப்பாவை ஒரு தட்டில் முழுக்கக் கொட்டிக் கிளறுங்கள். கிராம்பும் ஏலவிதையும் கனம், அசைய அசைய அடியில் போய்ச் சேரும். மேலிருந்து அள்ளும் முதல் ஸ்பூனில் வெறும் இலை, கடைசி ஸ்பூனில் கஷாயம், இதற்குக் காரணம் இந்த இறக்கம்தான். இந்த ஐந்து கிராமில் ஒரே ஒரு கிராம்பு கூடினாலும் முடிவு தலைகீழாகும்.

மற்ற டீக்களிலும் பால் சேர்த்துக் குடிப்பவராக இருந்தால் பாலோடு ஒரு சுற்றுக் கட்டாயம் பாருங்கள். கொழுப்பு வாசனை எண்ணெயைப் பிடித்துக்கொள்வதால் பெர்கமட் பாதியாகக் குறையும், மல்லிகை போயே போய்விடும், வெனிலா நிற்கும். உலர்ந்த செம்பருத்தி கலந்த பழ டீயில் பால் ஊற்றினால் திரிந்துவிடும். அது பாலின் குற்றமில்லை, பூவின் புளிப்பு.

இரண்டு எர்ல் கிரேக்கள் வாங்கி "இதுதான் உசத்தி" என்று தோன்றினால், தோன்றுவது உண்மையா என்று பார்க்க முக்கோணச் சோதனை செய்யலாம். வேறொருவர் மூன்று கோப்பையில் இரண்டில் ஒரே டீ, ஒன்றில் மற்றது ஊற்றி, கோப்பைக்கு அடியில் மட்டும் குறி வைத்துத் தரட்டும். ஒற்றையைக் கண்டுபிடியுங்கள். இப்படி ஆறு தரம். குருட்டாம்போக்கில் சொன்னாலும் ஆறில் இரண்டு சரியாக வரும். நான்கு சரியென்றாலும் அதிர்ஷ்டமாக இருக்க பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. ஐந்து சரியானால் வித்தியாசம் நிஜம் என்று எடுத்துக்கொள்ளலாம். இருநூறு ரூபாய் விலை வித்தியாசமுள்ள இரண்டு டப்பாக்களுக்கு இடையே இந்தச் சோதனையில் தோற்றால் அந்த இருநூறு மிச்சம்.

கூட்டு மார்க் போடாதீர்கள். இலை, நிறம், மணம், துவர்ப்பு என்று பத்துப் பத்தாகப் போட்டுக் கூட்டினால் எல்லா டீயும் முப்பதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மூக்கை மூடியபோது எப்படி, திறந்தபோது எப்படி, ஆறினபின் எப்படி என்று டீக்கு மூன்று வரி எழுதினால் அடுத்த முறை கடையில் அது உதவும்.

வாங்கியாயிற்று, சோப்பு அடிக்கிறது, என்ன செய்ய? தூக்கிப் போட வேண்டாம். அதே அளவு வாசனையில்லாத ஓ.பி. இலையைக் கலந்து, காற்றுப் புகாத தகர டப்பாவில் ஒரு வாரம் வையுங்கள். தேயிலை பக்கத்தில் இருக்கும் மணத்தை இழுத்துக்கொள்ளும் பொருள், ஒரு வாரத்தில் வாசனை எல்லா இலைக்கும் பரவி அளவு பாதியாகும். அதே குணத்தால்தான் எர்ல் கிரேயையும் மல்லிகையையும் ஒரே அலமாரியில் தளர்ந்த மூடியோடு வைத்தால் மாசத்துக்குள் இரண்டும் கெட்டுப்போகின்றன. கண்ணாடி ஜாடி வெளிச்சத்தை விடும், அதுவும் வேண்டாம். ஃபிரிஜ்ஜில் வைத்து எடுத்துத் திறந்தால் ஈரம் பூக்கும், இலை மெத்தென்று ஆகிவிடும். ஆகவே 50 கிராமுக்கு மேல் ஒரு தடவையில் வாங்காதீர்கள்.

எதுவும் செய்யாமல் மிஞ்சிப்போன மாம்பழ டீயை லிட்டருக்கு 10 கிராம் வீதம் குளிர்ந்த குடிநீரில் போட்டு, மூடி, ஃபிரிஜ்ஜில் எட்டு மணி நேரம் வைத்து வடியுங்கள். கொதிநீர் படாததால் துவர்ப்பு குறைவாக இறங்கும், மணமும் ஆவியோடு ஓடாது. சூடாகக் குடித்தபோது சுமாராக இருந்தது இங்கே நன்றாக வரலாம், அடி நீலகிரித் தேயிலையாக இருந்தால் குளிர்ந்தாலும் பெரும்பாலும் கலங்காது.